கையொப்பம் தேடியோர் கூடிய நகரங்கள்

புகழ் பெற்ற ஒருவரின் கையொப்பத்தைப் பெற விரும்புவோர் எந்த நகரத்திற்குச் செல்லுதல் வேண்டும்? இஃது ஒரு விளையாட்டு வினாவாகத் தோன்றினும், இதற்கு விடை தேடப் புகுவோர் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டு வரலாற்றினூடே நடந்து செல்ல வேண்டியவராவர். நகரத்தின் பரப்போ செல்வமோ, அங்கு வாழும் பெரியோரின் தொகையோ இவ்விடயத்தை முடிவு செய்வதில்லை. பெரியோர் சிறிது நேரம் நின்றே ஆக வேண்டிய ஓர் இடமும், எளியோர் அவரைத் தடையின்றி அணுகுதற்கு ஒரு வாயிலும் எவ்வூரில் ஒருங்கே அமைந்தனவோ, அவ்வூரே கையொப்பம் தேடுவோர்க்கு நல்லூராயிற்று. அவ்விடம் ஒரு காலத்தில் பல்கலைக்கழகத்து மண்டபமாக இருந்தது. பின்னர் கப்பற்றுறையாக இருந்தது. அதன் பின்னர் நாடக அரங்கின் பின்வாயிலாகவும் விளையாட்டு மைதானத்தின் வேலியோரமாகவும் மாறிற்று.

கையொப்பம் இடுதல் தமிழர்க்குப் புதிதன்று. சோழர் காலக் கல்வெட்டுக்களையும் செப்பேடுகளையும் படிப்போர், ஆவணத்தின் இறுதியிலே அதிகாரிகளும் சாட்சிகளும் ‘இது என் எழுத்து’ என்னும் பொருள்படத் தத்தம் பெயரை அமைத்திருத்தலைக் காண்பர். ஆயினும் அவை நிலத்திற்கும் தானத்திற்கும் சாட்சியாக இடப்பட்டவை. கொடுக்கல் வாங்கல் ஒன்றும் இல்லாத ஒருவர், ஒருவர் மீது கொண்ட மதிப்பின் பொருட்டு மட்டும் அவருடைய கையெழுத்தை வேண்டிப் பெற்று, அதனைப் பெட்டியில் வைத்துப் போற்றும் பழக்கம் வேறொன்றாகும். அப்பழக்கம் ஒழுங்கான ஒரு வழக்கமாக வேரூன்றிய இடம் ஜேர்மனி நாட்டின் விற்றன்பேர்க் என்னும் சிறு நகரம் எனலாம்.

விற்றன்பேர்க் பல்கலைக்கழகம் 1502ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. மார்ட்டின் லூதர் அங்கே திருமறைப் பேராசிரியராக அமர்ந்து சமயச் சீர்திருத்தத்தைத் தொடக்கி வைத்த பின்னர், ஐரோப்பாவின் பல பாகங்களிலிருந்தும் மாணவர் அந்நகரை நாடி வந்தனர். லூதரும், அவருக்கு உறுதுணையாக நின்ற பிலிப் மெலாங்தனும் அந்நாளில் ஐரோப்பா முழுவதும் பேசப்பட்ட பெயர்கள். அவர்களோ அச்சிற்றூரின் தெருக்களில் நடந்தனர். விரிவுரை மண்டபத்தில் நின்று பேசினர். மாணவரைத் தம் வீட்டு உணவு மேசையிலே அமர்த்தி உரையாடினர். படிப்பு முடிந்து ஊர் திரும்பும் மாணவன், தன் ஆசிரியர் கைப்பட ஒரு வரியேனும் எழுதி வாங்காமற் போக மனங்கொள்ளவில்லை. லூதர், தம்மிடம் நீட்டப்பட்ட நூல்களிலே வேத வசனம் ஒன்றையும் அதற்குத் தம் விளக்கத்தையும் எழுதிக் கீழே தம் பெயரை இடுதல் வழக்கம். அவர் 1546இல் மறைந்தார். அவ்வாறு அவர் எழுதிக் கொடுத்தவற்றைத் திரட்டி, மறைந்த மறு ஆண்டிலேயே அச்சிடலாயினர் என்றால், எத்துணை நூல்களில் அவர் எழுதியிருத்தல் வேண்டும் என்பதை உய்த்துணரலாம்.

1540களில் இவ்வழக்கம் ஒரு தனி உருவம் பெற்றது. மாணவர் தம் பாட நூல்களை வெற்றுத்தாள்கள் இடையிட்டுக் கட்டுவித்தனர். சின்னங்களும் செய்யுள்களும் அடங்கிய அல்சியாத்து என்பவரின் நூல் இதற்குப் பெரிதும் பயன்பட்டது. இதனை அறிந்த அச்சகத்தார் சிலர், எழுத இடம் விட்டே நூல்களை அச்சிட்டு விற்கவும் தொடங்கினர். ‘நண்பர் ஏடு’ என வழங்கப்பட்ட இவ்வேட்டில் ஆசிரியர், உடன் மாணவர், வழியிற் கண்ட அறிஞர், சில வேளைகளிற் சிற்றரசர் ஆகியோர் எழுதினர். வெறும் பெயரை மட்டும் எழுதுதல் அன்றைய மரபன்று. ஒரு மேற்கோள், ஓர் அறிவுரை, எழுதிய ஊர், எழுதிய நாள், யாருக்கு எழுதப்பட்டது என்னும் குறிப்பு ஆகிய யாவும் அதில் அமையும். ஆகவே அவ்வேடு ஒரு மாணவன் எந்த நகரிலிருந்து எந்த நகருக்குச் சென்றான், யார் யாரைக் கண்டான் என்பதற்குச் சான்றாயிற்று. வேற்றூரிலே ஒரு பேராசிரியரின் கதவைத் தட்டும் மாணவனுக்கு, மெலாங்தன் எழுதிய ஒரு பக்கம் சிறந்த அறிமுகக் கடிதமாகவும் உதவியிருக்கும் அன்றோ? இவ்வேடுகளிற் பல இன்று பிரித்தானிய நூலகம் முதலிய இடங்களிலே பாதுகாக்கப்பட்டுள்ளன. பல்கலைக்கழக வரலாறு எழுதுவோர் அவற்றைத் தேடிப் படிக்கின்றனர்.

இலங்கைப் பாடசாலைகளிலே இறுதி வகுப்பு மாணவரும் மாணவியரும் பிரியும் வேளையில், வண்ணத்தாள்கள் கொண்ட ‘ஓட்டோகிராப்’ புத்தகத்தைக் கையில் ஏந்தி ஆசிரியரிடமும் தோழரிடமும் செல்லும் காட்சியை அறியாதார் இலர். அச்சிறு புத்தகம் விற்றன்பேர்க் மாணவனின் ஏட்டுக்கு வழித்தோன்றலே. அதில் எழுதப்படும் வாழ்த்துக்களை எள்ளி நகையாடும் பெரியோர் அதன் பழமையை அறிந்தால் சற்றுத் தயங்குவர்.

ஜேர்மனியின் மற்றொரு சிறு நகரமாகிய வைமாரில் இவ்வழக்கம் வேறொரு திசையிற் றிரும்பிற்று. கவிஞர் கேத்தே பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உயிரோடிருந்தவர், மறைந்தவர் இருசாராரின் கையெழுத்துக்களையும் நண்பர் வாயிலாகத் திரட்டினார். ஒருவரின் கையெழுத்தைக் காணுந்தோறும் அவரே தம்முன் வந்து நிற்பது போன்ற உணர்வு தமக்கு உண்டாகின்றது என்பது அவர் கருத்து. ஆயின், நேரிற் கண்டு பெறுதல் என்னும் நிலை இங்கே கழன்று விழுந்ததைக் கவனித்தல் வேண்டும். மறைந்தோர் எழுத்தையும் பெறலாம் என்றானபின், அதனை விற்போரும் வாங்குவோரும் தோன்றுவதற்கு நெடுங்காலம் செல்லவில்லை.

அவ்வணிகம் தழைத்த நகரம் இலண்டன். அங்கே நூலகத்துணைவராகப் பணியாற்றிய வில்லியம் அப்கொட் என்பவர், முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட கடிதங்களைத் திரட்டி, இஸ்லிங்டனில் இருந்த தம் இல்லத்துக்கே ‘கையொப்பக் குடில்’ எனப் பெயர் சூட்டினார். பித்தர் என்று அவரைப் பலர் நகைத்திருக்கலாம். அப்பித்தினால் விளைந்த நன்மையொன்றை மறத்தல் ஆகாது. 1814ஆம் ஆண்டில் வொற்றன் என்னும் ஊரிலுள்ள ஈவ்லின் குடும்பத்து மாளிகைக்கு அவர் சென்றிருந்தார். அவ்வீட்டு மூதாட்டியார் பழைய கடிதத்தாள்களை வெட்டி, ஆடை தைப்பதற்கான மாதிரி வடிவங்கள் செய்துகொண்டிருந்தாராம். கையெழுத்து என்றதும் கண் மலரும் அப்கொட் அதனைக் கண்டு விசாரிக்க, பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜோன் ஈவ்லினின் கடிதங்களும் நாட்குறிப்பும் வெளிப்பட்டன. 1818இல் அந்நாட்குறிப்பு அச்சேறிற்று. இரண்டாம் சாள்ஸ் மன்னன் காலத்து இங்கிலாந்தைப் பற்றி எழுதுவோர் அந்நூலின்றி ஓர் அடியும் நகர முடியாது.

அமெரிக்காவிலோ இதே ஆசை காத்தது பாதி, அழித்தது பாதி என்று சொல்லத்தக்க நிலைமை ஏற்பட்டது. முதற் குடியரசுத் தலைவராகிய ஜோர்ஜ் வாஷிங்டனின் காகிதங்கள் அவருடைய சகோதரர் மகனார் புஷ்ரொட் வாஷிங்டனின் பொறுப்பில் இருந்தன. 1815ஆம் ஆண்டளவில் வாஷிங்டனின் உறவினர் இல்லமொன்றில் ஆசிரியராக அமர்ந்திருந்த வில்லியம் ஸ்பிறேக் என்னும் இளைஞர், பிரதி ஒன்றை எழுதி வைத்துவிட்டு மூலக் கடிதங்களை எடுத்துச் செல்ல அவரிடம் அனுமதி பெற்றார். ஏறக்குறைய ஆயிரத்தைந்நூறு கடிதங்கள் அவ்வாறு இடம்பெயர்ந்தன. பிற்காலத்தில் மதகுருவாகப் புகழ் பெற்ற இவரே, 1776ஆம் ஆண்டுச் சுதந்திரப் பிரகடனத்தில் ஒப்பமிட்ட ஐம்பத்தறுவரின் கையெழுத்துக்களையும் முதன்முதலாக முழுமையாகத் திரட்டியவர். அவ்வைம்பத்தறுவருள் அரிதினும் அரிதானது ஜெபர்சனுடையது அன்று. ஜோர்ஜியாவைச் சேர்ந்த பட்டன் குவினெட் என்பவர், பிரகடனத்தில் ஒப்பமிட்ட மறு ஆண்டே இருவர் போரில் குண்டு பட்டு மாண்டார். அவர் எழுதியவை மிகச் சில. ஐம்பது அளவிலேயே அவருடைய கையொப்பங்கள் இன்று அறியப்பட்டுள்ளன. வரலாற்றிலே ஒரு பக்கமும் பெறாத அவர் கையொப்பச் சந்தையிலே முதல்வராக விளங்குகின்றார்.

ஸ்பிறேக் பிரதியாவது வைத்துச் சென்றார். வாஷிங்டனின் எழுத்துக்களைப் பதிப்பித்த ஜாரெட் ஸ்பார்க்ஸ் செய்தது அதனினும் கொடிது. 1789இல் பதவியேற்கும் பொழுது நிகழ்த்துதற்கென வாஷிங்டன் தம் கைப்பட எழுதிப் பின்னர் பயன்படுத்தாது விட்ட நீண்ட உரையொன்று அவர் கைக்குக் கிட்டிற்று. அதனைப் பயனற்றது எனக் கருதிய ஸ்பார்க்ஸ், வாஷிங்டனின் கையெழுத்து வேண்டும் என்று கேட்டு வந்தோர்க்கெல்லாம் அதனைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்தார். ஒரு நாட்டின் முதல் தலைவர் ஆட்சியைப் பற்றி எண்ணியிருந்தவை, பலருடைய ஏடுகளில் ஒட்டிய காகிதத் துணுக்குகளாகச் சிதறிப்போயின. இன்றுவரை அறிஞர் அத்துணுக்குகளைத் தேடிப் பொருத்திப் பார்க்கின்றனர். முழுவுரை இன்னும் கிடைத்தபாடில்லை. கல்லாதார் ஒருவர் இதனைச் செய்திருந்தால் மன்னிக்கலாம். செய்தவரோ பின்னாளில் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் தலைவராக வீற்றிருந்த வரலாற்றாசிரியர்!

பாரிஸ் நகரத்துக் கதை நகைப்புக்குரியது, எனினும் சிந்திக்கத்தக்கது. மிஷேல் ஷாஸ்ல் என்பவர் வடிவகணிதத்திலே பெரும்பெயர் பெற்ற பேராசிரியர். அவரிடம் விறெய்ன் லூக்கா என்னும் ஒருவன் பழங்கடிதங்களை விற்று வந்தான். 1867ஆம் ஆண்டில் ஷாஸ்ல், விஞ்ஞானக் கழகத்தின் முன் சில கடிதங்களை வைத்து, நியூட்டனுக்கு முன்னரே பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் ஈர்ப்பு விதியைக் கண்டறிந்தார் என வாதாடினார். இங்கிலாந்திலிருந்து மறுப்பு எழுந்தது. ஐயம் கிளப்பியோர்க்கு விடையாக மேலும் மேலும் கடிதங்கள் ‘கிடைத்தன’. இறுதியில் ஆராய்ந்தபோது, அப்பேராசிரியர் இருபத்தேழாயிரத்துக்கு மேற்பட்ட போலிக் கையெழுத்துக்களை ஒன்றரை இலட்சம் பிராங்கு அளவான பணம் கொடுத்து வாங்கியிருந்தமை வெளியாயிற்று. அவற்றுள் அலெக்சாந்தர் அரிஸ்டோட்டிலுக்கும், கிளியோபாத்திரா சீசருக்கும் எழுதிய மடல்களும், மகதலா மரியாளின் மடலும் இருந்தன. எல்லாம் பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டிருந்தன, அதுவும் காகிதத்தில்! 1870இல் லூக்காவுக்கு இரண்டாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. கணிதத்தில் ஒரு சிறு பிழையையும் பொறாத ஒருவரின் கண்ணை மறைத்தது யாது? தன் நாட்டார் பெருமையை நிறுவ வேண்டும் என்ற வேட்கை ஒன்று. பெரியோர் கைபட்ட தாள் தன் கையில் இருக்கின்றது என்ற பூரிப்பு மற்றொன்று. எழுதியவரை எழுதுகின்ற நேரத்திற் கண்டவன் இவ்வாறு ஏமாறுவதற்கு இடமே இல்லை. விற்றன்பேர்க் மாணவனுக்கும் பாரிஸ் பேராசிரியருக்கும் இடையேயுள்ள தொலைவு அதுவே.

நேரிற் கண்டு பெறும் பழைய முறைக்குப் புத்துயிர் அளித்தவை நீராவிக் கப்பல்கள். கொழும்புத் துறைமுகத்தில் அலைதாங்கி அமைக்கும் வேலை 1875இல் தொடங்கிற்று. அதுவரை காலியில் நங்கூரமிட்ட பெருங்கப்பல்கள் பின்னர் கொழும்புக்கு வரலாயின. சூயஸ் கால்வாய் வழியாக ஐரோப்பாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் தூர கிழக்குக்கும் இடையே செல்லும் கப்பல்கள் இங்கே நிலக்கரியும் நீரும் ஏற்றும் வரை பயணிகள் கரையிறங்கியே தீருவர். கோட்டையில் துறைமுகத்தருகே ‘கிராண்ட் ஓரியண்டல்’ விடுதியும், காலிமுகத்தின் தென்கோடியில் ‘கோல்பேஸ்’ விடுதியும் அவர்களை ஏற்றன. ருசிய எழுத்தாளர் செக்கோவ் 1890இலும், அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெயின் 1896இலும் இவ்வாறு கொழும்பிற் காலடி வைத்தோரே. உலகத்தில் எப்பெரியோரையும் தேடிச் செல்ல வசதியில்லாத ஒருவன், கொழும்புத் துறையிலே பொறுமையோடு காத்திருந்தானாயின், அவர்களிற் பலர் தாமாகவே வந்து சேருவதைக் கண்டிருப்பான்.

கிரிக்கெற் வீரர் விடயத்தில் இது முற்றிலும் பொருந்தும். 1882ஆம் ஆண்டு ஐவோ பிளை என்பவரின் தலைமையிலே அவுஸ்திரேலியா நோக்கிச் சென்ற ஆங்கிலக் குழு கொழும்பில் இறங்கி ஆடிற்று. ‘சாம்பற் கிண்ணம்’ எனப் புகழ் பெற்ற சிறு தாழியை முதன்முதலிற் பெற்று மீண்ட குழு அதுவே. அவர்கள் சென்ற ‘பெஷாவர்’ என்னும் கப்பல், கொழும்பை விட்டு நீங்கிய பின் மற்றொரு கப்பலுடன் மோதி, மீண்டும் கொழும்புக்கே திரும்ப நேர்ந்தது. பந்துவீச்சாளர் மோர்லி அம்மோதலிற் காயமடைந்தார். அன்று தொடங்கி எண்பது ஆண்டுகளுக்கு மேலாக, இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையே கடல் கடந்த குழுக்கள் பல கொழும்பில் ஒரு பகல் ஆடிச் செல்லுதல் வழக்கமாயிற்று. இலங்கைக்குச் சோதனைப் போட்டி ஆடும் உரிமை கிட்டியது 1980களின் தொடக்கத்திலேதான். ஆயினும் உலகின் தலைசிறந்த வீரர்களை நேரிற் கண்டு, அவர்கள் கையெழுத்தை வாங்கி வைத்த தலைமுறைகள் அதற்கு முன்னரே இங்கு வாழ்ந்து மறைந்தன.

டொன் பிராட்மன் 1930இல், இருபத்தொரு வயது இளைஞராக, இங்கிலாந்து செல்லும் வழியில் கொழும்பில் ஆடினார். 1948ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், தம் இறுதிச் சுற்றுப்பயணத்தின் தலைவராக மீண்டும் வந்தார். தமிழ் யூனியன் கழகத்தின் ‘கொழும்பு ஓவல்’ மைதானத்திலே, ம. சதாசிவம் தலைமை தாங்கிய இலங்கைக் குழுவுக்கு எதிராக அன்று அவர் பெற்றவை இருபது ஓட்டங்களே. நூறு ஓட்டங்களைக் காண வந்தோர் ஏமாந்தனர். ஆடுகளத்தின் நீளமே இருபத்திரண்டு யாருக்குப் பதிலாக இருபது யாராக அமைக்கப்பட்டிருந்தது என்பது பின்னர் அளந்து கண்டறியப்பட்டது. அப்பிழை இன்றும் கிரிக்கெற் நூல்களில் நகைச்சுவையோடு குறிக்கப்படுகின்றது. கப்பலில் இருந்த நாட்களிலேயே அவுஸ்திரேலியக் குழுவினர் ஆயிரக்கணக்கான தாள்களில் ஒப்பமிட்டு வைத்துக்கொள்வர்; இங்கிலாந்தில் கேட்டு வருவோர்க்கு அவற்றைக் கொடுப்பர். கொழும்பில் வேலியோரமாக நின்ற ஒரு மாணவன், தன் புத்தகத்தை நீட்டித் தன் கண்முன் பெற்ற எழுத்துக்கும், கப்பலில் அடுக்கடுக்காக எழுதி வைத்த தாளுக்கும் எழுத்தளவில் வேற்றுமை இல்லை. எனினும் இரண்டையும் ஒன்றாக மதிப்போர் யார்? 1960களில் வான்வழிப் பயணம் பெருகிற்று. கப்பல்களின் வருகை அருகிற்று. கொழும்பு அப்பேற்றை இழந்தது.

கையெழுத்து வேண்டி வந்தோரை இரவீந்திரநாத தாகூரும் மகாத்மா காந்தியும் நடத்திய முறை தனிக் கவனத்துக்கு உரியது. சீனத்திலும் யப்பானிலும் விசிறிகளையும் பட்டுத்துணிகளையும் நீட்டி எழுத்து வேண்டியோர்க்குத் தாகூர் இரண்டொரு வரிக் கவிதைகளை எழுதிக் கொடுத்தார். கவிஞர்க்கு அச்சுருக்கமே பிடித்துப் போயிற்று. அச்சிறு கவிதைகளைத் தம் கையெழுத்திலேயே அச்சிட்டு, 1927இல் ‘லேகன்’ என்ற நூலாக வெளியிட்டார். கேட்டவருடைய ஆவல் ஓர் இலக்கிய வடிவத்தைப் பிறப்பித்தது எனல் மிகையாகாது. காந்தியடிகளோ தம் கையொப்பத்துக்கு விலை விதித்தார். ஐந்து ரூபாய் கொடுத்தாற்றான் ஒப்பம். அப்பணம் ஹரிசன நிதிக்குச் சேரும். வணிகத்தை அவர் தருமமாக மாற்றினார். பம்பாயிலே கிரிக்கெற் வீரர் விஜய் மெர்ச்சன்ட்டின் சகோதரியார் ஒருமுறை தம் புத்தகத்தை அடிகளிடம் நீட்டினார். 1933-34ஆம் ஆண்டிலே ஜார்டின் தலைமையில் இந்தியா வந்த ஆங்கிலக் குழுவினர் பதினாறு பேர் ஒப்பமிட்ட பக்கம் அதில் இருந்தது. தாள்களைப் புரட்டி வந்த அடிகள் அப்பக்கத்திலேயே நிறுத்தி, பதினேழாமவராகத் தம் பெயரை எழுதினார். ஆங்கில ஆட்சியை எதிர்த்துப் பன்முறை சிறை சென்றவர், ஆங்கில வீரர் வரிசையின் முடிவிலே ஓர் இடத்தைத் தாமே தெரிந்துகொண்ட அழகை என்னென்பது!

இலண்டனிலும் நியூயோர்க்கிலும் நாடகம் முடிந்த பின் அரங்கின் பின்வாயிலிற் காத்திருத்தல் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வழக்கமாகும். வேடம் கலைத்து வீடு திரும்பும் நடிகர் அவ்வழியாக வந்தே ஆக வேண்டும். விம்பிள்டனில் ஆட்டம் முடித்துச் செல்லும் வீரரை நோக்கிச் சிறுவர் பெரும் பந்துகளை நீட்டுவர். திரைப்பட நகராகிய ஹொலிவூட்டிலோ நடிகர் படப்பிடிப்பு நிலையத்தின் மதிலுக்குள் இருந்தனர். அணுகும் வாயில் இல்லை. ஆதலால் கடிதம் எழுதியோர்க்கு ஒப்பமிட்ட படங்கள் அனுப்பப்பட்டன. அவற்றில் ஒப்பமிட்டோர் பெரும்பாலும் செயலாளர்கள். 1937இல் இளவயதிலே மறைந்த ஜீன் ஹார்லோவின் பெயரை அவர்தம் தாயாரே எண்ணற்ற படங்களில் எழுதினார். அரசியல் தலைநகராகிய வாஷிங்டனில், கெனடி காலத்தளவில், பேனாவைப் பிடித்து ஒப்பமிடும் இயந்திரமே அவ்வேலையைச் செய்யலாயிற்று. ஹொலிவூட்டில் ஐயத்துக்கு இடமற்ற கையெழுத்து வேண்டுவோர் நிலத்தைக் குனிந்து நோக்குதல் வேண்டும். 1927ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் மேரி பிக்போர்ட்டும் டக்ளஸ் பெயர்பாங்ஸும், சீன வடிவில் எழுப்பப்பட்ட கிறவுமன் திரையரங்கின் முற்றத்து ஈரச் சிமெந்தில் கை கால் பதித்துப் பெயரும் எழுதினர். பலர் அவர்களைப் பின்பற்றினர். பார்க்கலாம், தொடலாம், வீட்டுக்குக் கொண்டு செல்ல மட்டும் இயலாது.

அமெரிக்கரின் தேசிய விளையாட்டாகிய பேஸ்போலுக்குக் கூப்பர்ஸ்டவுன் என்னும் ஊர் ஒரு தலம். நியூயோர்க் மாநிலத்தில், ஏரிக்கரையில், இரண்டாயிரம் பேர்கூட வசியாத கிராமம் அது. 1839இல் அவ்விளையாட்டு அங்கே தோன்றிற்று என்ற கதையை வரலாற்றாசிரியர் இன்று ஏற்பதில்லை. எனினும் அக்கதையை நம்பி 1939ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் அங்கே புகழ் மண்டபம் திறக்கப்பட்டது. பேப் ரூத், டை கொப், ஹோனஸ் வாக்னர் முதலாக, அதுவரை தெரிவு செய்யப்பட்டு உயிரோடிருந்த பதினொருவரும் அன்று அச்சிற்றூருக்கு வந்தனர். பெருநகரத்து மைதானத்திலே ஐம்பதினாயிரம் பேருக்கு நடுவே நின்றவர்கள், ஒரே ஒரு பெருந்தெருவுள்ள கிராமத்தில் எங்கே ஒளிவது? கையொப்பம் தேடுவோர்க்கு அதனினும் சிறந்த ஊர் உண்டோ? இன்றும் ஆண்டுதோறும் புதியோரை மண்டபத்தில் ஏற்கும் விழாவின்போது, முதிய வீரர் அத்தெருவில் மேசையிட்டு அமர்கின்றனர். முன்னே விலைப்பட்டியல் தொங்கும். பந்துக்கு ஒரு விலை, மட்டைக்கு ஒரு விலை. தம் ஆட்டக்காலத்திற் குறைந்த ஊதியம் பெற்று முதுமையடைந்தோர் அவ்வாறு பொருளீட்டுவதைக் குறை கூறுதல் நியாயமன்று. குறை, பணம் கண்டு பின்தொடர்ந்து வந்த கள்ளரிடமே உள்ளது.

கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரிலே, 1990களின் பிற்பகுதியில், டோனி குவின் என்னும் வீரர் தம் குழுவின் மைதானத்துக் கடையிலேயே தம் பெயரால் விற்கப்பட்ட பொருள்களில் இருந்தது தம் கையெழுத்தன்று எனக் கண்டார். மத்திய புலனாய்வுத் துறையினர் மேற்கொண்ட விசாரணை 1999ஆம் ஆண்டு ஒக்டோபரில் பெரும் சோதனைகளாக முடிந்தது. பேப் ரூத் முதலியோர் பெயரைத் தாங்கிய போலிப் பொருள்கள் குவியல் குவியலாகக் கைப்பற்றப்பட்டன. அவற்றிடையே அன்னை தெரேசா ஒப்பமிட்டதாகச் செய்யப்பட்ட பேஸ்போல் பந்துகளும் இருந்தன. கிளியோபாத்திராவின் பிரெஞ்சுக் கடிதத்தை வாங்கிய பாரிஸ் பேராசிரியர் தனிமனிதர் அல்லர் என்பது இதனாற் புலனாகும்.

இக்காலத்தில் இளைஞர் பேனாவை விடுத்துக் கைத்தொலைபேசியை நீட்டிப் பெரியோரோடு ஒருங்கு நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். கையொப்பம் அழிந்தது எனச் சிலர் வருந்துகின்றனர். அருகில் நின்றமைக்குச் சான்று தேடுவதே பழைய ஏட்டின் நோக்கமாயின், அந்நோக்கம் இதனாலும் நிறைவேறுகின்றது. ஆயினும் படத்தில் இருவர் முகம் இருக்கும். ஒருவருக்காக மற்றவர் செலவிட்ட அரை நிமிடம் தாளிலேதான் இருக்கும்.

அந்த அரை நிமிடத்தை மலிவாகக் கருதாத ஒருவர் அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகரில் வாழ்ந்தார். 1930களின் நடுப்பகுதியில் அங்குக் குடியேறிய பிராட்மன், 2001ஆம் ஆண்டு பெப்ரவரியில் தொண்ணூற்றிரண்டாம் வயதில் மறையும் வரை அந்நகரை விட்டு நீங்கவில்லை. அவரை அணுகுதல் எளிதன்று. கூட்டத்தையும் பேட்டியையும் அவர் வெறுத்தார். ஆயினும் தபாலில் வந்த புத்தகங்களுக்கும் படங்களுக்கும் நாள்தோறும் மணிக்கணக்காக அமர்ந்து ஒப்பமிட்டுத் திருப்பி அனுப்பினார். அதனால் உலகப் புகழ் பெற்ற அவருடைய கையெழுத்து அரிய பொருளாகவில்லை. இங்கிலாந்திலும் இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள எத்தனையோ வீடுகளில், பழைய நூல்களின் முதற்பக்கத்தில், ஒவ்வோர் எழுத்தும் தெளிவாகத் தெரியும் அக்கையொப்பத்தை இன்றும் காணலாம்.